மகளுக்கு வலைப்பக்கம் வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள்

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருந்தபடி, உங்கள் மகள் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இன்டர்ன்ஷிப்புக்கு உதவும், ஆளுக்கொரு வலைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று துறையில் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் விசாரிக்கப் போன கம்ப்யூட்டர் சென்டரில் கோர்ஸ், டொமைன் (தளத்துக்கான சொந்த முகவரி), ஹோஸ்டிங் (பக்கத்தை இணையத்தில் வைக்கும் இடம்) எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். ஒரு மாணவியின் எளிய பக்கத்துக்கு இதில் எதுவுமே தேவையில்லை. டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் முன்வைத்த யோசனைதான் இன்றைய வலை. 1993-ல் சேர்ன் அதை உரிமைத்தொகை இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் (HTML) என்ற குறிமொழிக்கும் யாரும் காசு வாங்குவதில்லை. எழுதியதை இணையத்தில் ஏற்றிவைக்க கிட்ஹப் (GitHub) தளத்தின் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை 2008-லிருந்து இலவசமாக இடம் தருகிறது. சொந்த டொமைன் வாங்கினால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், ஒரு வருடம் மறந்தால் முகவரி கைவிட்டுப் போய்விடும், பயோடேட்டாவில் அச்சடித்த லிங்க் செத்துக் கிடக்கும். மாணவப் பருவத்தில் இந்தத் தலைவலி வேண்டாம்.

சரி, தாவரவியல் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். வலைப்பக்கம் இருக்கிறது என்பதற்காக யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஓர் ஆய்வகத்துக்கோ தாவரவியல் பூங்காவுக்கோ கோடைகாலப் பயிற்சி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது, அதைப் படிப்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான், இந்தப் பெண் பாடத்தைத் தாண்டி எதையாவது செய்திருக்கிறாளா என்று. அதற்குப் பதிலாக ஒரு லிங்க் இருந்தால் அவள் கடிதம் தனித்துத் தெரியும். "என் பெயர் இது, என் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, என் லட்சியம் உயர்வது" என்று எழுதிவைத்த பக்கத்தால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. அதற்குப் பயோடேட்டாவே போதும்.

என்ன போடலாம் என்று கேட்டால் என் யோசனை இது: கல்லூரி வளாகத்து மரங்கள். பூவரசு, புன்னை, மகிழம், இலுப்பை, புங்கம் என்று பெரும்பாலான வளாகங்களில் இரண்டு மூன்றாவது நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு படம், தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம், எந்த மாதம் பூத்தது என்று அவளே பார்த்து எழுதிய ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் முக்கியம், ஏனென்றால் மற்றதெல்லாம் எங்கேயும் கிடைக்கும், "எங்கள் நூலகத்துப் பின்னால் இருக்கும் மகிழம் இந்த மாதம் பூத்தது" என்பது அவளிடம் மட்டும்தான் கிடைக்கும். பி.காம். படிக்கிற பிள்ளை என்றால் அப்பாவின் கடைக் கணக்கை வைத்து இதே மாதிரி ஒன்று செய்யலாம், தமிழ் இலக்கிய மாணவி என்றால் ஊர்ப் பாட்டிகளின் விடுகதைகளைத் தொகுக்கலாம்.

இனி எழுதுவதை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

கவனிம்மா, முதலில் கிட்ஹப்பில் கணக்கு தொடங்கு. பயனர்பெயரை யோசித்து வை, அதுதான் உன் முகவரியில் வரப்போகிறது, விளையாட்டுப் பெயர் வேண்டாம், உன் பெயரும் ஓர் எழுத்தும் போதும். அமைப்புகளில் மின்னஞ்சலை மறைத்துவைக்கும் வசதி உண்டு, முதல் வேலையாக அதைப் போட்டுவிடு. பிறகு ஒரு ரெப்பாசிட்டரி, அதாவது உன் கோப்புகளை வைக்கும் பெட்டி, உருவாக்கு, அதன் பெயர் உன் பயனர்பெயர், புள்ளி, கிட்ஹப், புள்ளி, ஐஓ (.github.io) என்று எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும், பப்ளிக் என்று தேர்ந்தெடு. அதற்குள் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் (index.html) என்று ஒரு கோப்பு. பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கட்டும், முகப்புப் பக்கமாகத் திறப்பது அந்தக் கோப்புதான். லேப்டாப் இருந்தால் நோட்பேடிலேயே எழுதலாம், இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கிட்ஹப் தளத்திலேயே புதுக் கோப்பு உருவாக்கி எழுதும் வசதி இருக்கிறது, போன் பிரவுசரிலும் முடியும், என்ன, விரல் கொஞ்சம் வலிக்கும். கடைசியாக செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய் மெயின் (main) கிளையை, அதாவது உன் கோப்புகளின் முதன்மைப் பதிப்பை, தேர்ந்தெடுத்துச் சேமி. உடனே வரவில்லை என்று பதறாதே, பத்து நிமிடம் வரை ஆகலாம்.

எச்டிஎம்எல்லில் ஆரம்பத்துக்கு நீ தெரிந்துகொள்ள வேண்டியது தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, இவற்றுக்கான குறிகள் மட்டும்தான். கோப்பின் மேலே வரும் ஹெட் (head) பகுதியில் இரண்டு வரிகளைத் தவறாமல் சேர். ஒன்று எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8 (UTF-8) என்று சொல்வது, இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதற வாய்ப்பு உண்டு. இன்னொன்று பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் (viewport) வரி, இல்லாவிட்டால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், உன் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது போனில்தான் பார்ப்பார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய அசைன்மென்ட் ஏதாவது இருந்தால் அதை அப்படியே ஒட்டாதே, எல்லாக் கருவியிலும் தமிழ் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டு.

தாவரவியல்காரர்கள் கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. அறிவியல் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியது, சிற்றினம் முழுக்கச் சின்ன எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில். எச்டிஎம்எல்லில் ஐ (i) என்ற குறிக்குள் போட்டால் சாய்ந்துவிடும். புங்கத்தைச் சில புத்தகங்கள் பொங்காமியா பின்னாட்டா என்கும், சில மில்லெட்டியா பின்னாட்டா என்கும், எதைப் பின்பற்றுகிறாய் என்று ஒரு வரி எழுதிவிடு, பார்க்கிறவருக்கு உன்மேல் மரியாதை வரும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் படங்கள். உன் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும், ஏற்றியதும் வெறும் கட்டம்தான் வரும். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: படத்தின் பாதையை சி டிரைவில் தொடங்கி எழுதியிருப்பாய், அது உன் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் இடம். இல்லையென்றால் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும், விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, கிட்ஹப் விடாது. எல்லாக் கோப்புக்கும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே வராது. அப்புறம், போன் கேமரா படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும், இருபது படம் போட்டால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்கவே திறக்காது, 200 கேபி அளவுக்குச் சுருக்கிவிட்டு ஏற்று.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும், கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது கொடுத்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உன்னால் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடு, நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள். மரத்தின் பெயரை அதனிடம் கேட்டு எழுதவே எழுதாதே. துறையில் இருக்கும் ஹெர்பேரியம் தாளோடு, அதாவது செடியை உலர்த்தி ஒட்டிவைத்த தாளோடு, ஒப்பிட்டுப் பார், சந்தேகம் இருந்தால் பேராசிரியரிடம் ஒரு இலையும் பூவுமாகக் கொண்டுபோய்க் காட்டு.

அம்மா, மகளின் சொந்த விவரங்கள் இணையத்தில் வெளியாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இப்போது வருகிறேன், அது நியாயமான பயம். பக்கத்தில் போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஆதார், மதிப்பெண் பட்டியலின் நகல், இவை எதுவும் வேண்டாம். முகப் படம் கட்டாயமே இல்லை, மரத்தின் படம் போதும். தொடர்புக்கு இதற்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்கட்டும். கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டு வாசலில் எடுத்த படத்துக்குள்ளேயே வீடு இருக்கும் இடம் பதிவாகியிருக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பப்ளிக் ரெப்பாசிட்டரியில் ஏற்றிய கோப்பை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது கிடக்கும், தேடுகிறவர் எடுத்துவிடலாம். அதனால் அழித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எதையும் ஏற்றக் கூடாது.

கோடிங் பார்த்து மிரண்டுபோனால் கூகுள் சைட்ஸில் இழுத்துப்போட்டே ஒரு பக்கம் செய்யலாம், அதுவும் இலவசம்தான். ஆனாலும் எச்டிஎம்எல்லையே நான் சொல்வேன், தேர்வு இல்லாத ஒரு வார இறுதி போதும்.

இந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு மரத்தோடு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதும் உங்கள் போனில் திறந்து பாருங்கள், படம் வருகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்று நீங்களே சொல்லலாம், அதற்குக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. ஏழெட்டு மரங்கள் சேர்ந்த பிறகு லிங்க்கைப் பயோடேட்டாவில் பெயருக்குக் கீழே போடட்டும், அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.