லேடெக்ஸ் மெத்தை வாங்குமுன் அந்தக் கை அரிப்பைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். நாங்கள் பர்மாவில், மோல்மேன் நகரத்துக்குப் பக்கத்தில் முடோனில் இருக்கிறோம். எனக்கு 54 வயது, கணவருக்கு 60. ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரம். இரண்டு வருடமாகக் காலையில் எழும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முகம் கழுவி, டீ குடித்து, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். இலவம் பஞ்சு மெத்தை நடுவில் குழிந்து கிடக்கிறது. மலேசியாவில் இருக்கும் மகன் லேடெக்ஸ் மெத்தைக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறான். மோல்மேன் கடைக்காரர், ‘இயற்கை ரப்பர், முதுகு வலிக்கு மருந்து மாதிரி’ என்கிறார். மாமியாரோ, ‘தரையில் பாய் விரித்துப் படுத்தால் எல்லாம் போய்விடும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, பாத்திரம் கழுவ ரப்பர் கிளவுஸ் போட்டால் எனக்குக் கை அரிக்கும். மெத்தையாலும் அப்படி வருமா? மழைக்காலம் முடிந்ததும் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் இருக்கிறது. அதற்குள் மெத்தை வாங்கிவிட நினைக்கிறோம்.

பதில்: அம்மா, வணக்கம். கடைசியில் ‘இன்னொன்று’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மெத்தை ஒரு மாதம் தாமதமாக வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ரப்பர் கிளவுஸ் போட்டால் கை அரிக்கிறது என்பதை ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

கிளவுஸும் லேடெக்ஸ் மெத்தையும் ஒரே மரத்துப் பாலிலிருந்து வருபவை. உங்கள் ஊர்ப் பக்கம் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டையைக் கீறி எடுக்கிறார்களே, அதே பால்தான். அதில் ரப்பரோடு மரத்தின் புரதங்களும் கொஞ்சம் இருக்கும். சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. கிளவுஸ் மாட்டிய சில நிமிடங்களிலேயே கொசு கடித்தது போலத் தடிப்புத் தடிப்பாக எழும்பும். தும்மல் வரும், கண் அரிக்கும், சிலருக்கு மூச்சு இளைப்பும் வரும். இதுதான் பயப்பட வேண்டிய வகை. ஏனென்றால் ஆபரேஷனில் டாக்டரின் கையுறை வயிற்றுக்குள்ளேயே படுகிறது. தோல் என்ற காவல் இல்லாத இடத்தில் அந்தப் புரதம் பட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு வகை அவ்வளவு அவசரமானதல்ல. ரப்பரை இறுக வைக்க ஆலையில் சேர்க்கும் ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளாமல், ஒன்றிரண்டு நாள் கழித்துப் புறங்கை சிவந்து, தோல் தடித்து, வெடித்துப்போகும். மூன்றாவதாக, அலர்ஜியே இல்லாத அரிப்பும் உண்டு. சோப்புத் தண்ணீரும் வியர்வையும் கிளவுஸுக்குள் மாட்டிக்கொண்டு தோலை ஊறவைத்துவிடும். பாத்திரம் கழுவுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். உங்களுடையதும் இதுவாக இருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை நம்பி ஆபரேஷன் மேஜையில் படுக்கக் கூடாது.

அதனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். கிளவுஸ் மாட்டியதும் அரிக்கிறதா, மறுநாள்தான் அரிக்கிறதா? பேரப்பிள்ளைக்குப் பலூன் ஊதியபோது உதடு வீங்கியதுண்டா? வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ, இவற்றில் ஏதாவது சாப்பிட்டால் வாயோ தொண்டையோ அரிக்கிறதா? பழத்துக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்தப் பழங்களில் இருக்கும் சில புரதங்கள் ரப்பர் பாலின் புரதத்தைப் போலவே இருப்பதால், ஒன்றைப் பகைத்த உடம்பு மற்றதையும் பகைக்கும்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் என்னிடம் வந்தார். புண்ணுக்குக் கட்டுப்போடும் அறைக்குள் நுழைந்தாலே தும்மல். ஜலதோஷம் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். ஒருநாள் பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் கையுறையோடு வாயைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிடம் உதடும் கண் இமையும் ஊதிவிட்டன. அந்தக் காலத்துக் கையுறைகளில் போட்டிருந்த மாவுப் பவுடரில் ஒட்டிக்கொண்டு புரதம் காற்றில் பறக்கும். தும்மலுக்குக் காரணம் அதுதான். பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடையே செய்துவிட்டது. இந்த நர்ஸ் இன்று நைட்ரைல் கையுறையோடு நன்றாக வேலை பார்க்கிறார். நீங்களும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் உங்கள் டாக்டர் அது மாதிரி ரப்பர் பால் கலக்காத கையுறையும் குழாய்களும் எடுத்து வைத்துக்கொள்வார், அன்றைய முதல் ஆபரேஷனாகவும் வைப்பார்.

சரி, மெத்தையால் அரிப்பு வருமா என்று கேட்டீர்கள். மெத்தை செய்யும்போது ரப்பர் நுரையை ஆவியில் வேகவைத்து, பலமுறை தண்ணீரில் கழுவிப் பிழிவார்கள். புரதம் பெரும்பாலும் போய்விடும். மேலே உறை, அதன் மேல் விரிப்பு. ஆகவே மெத்தையால் அலர்ஜி வருவது அபூர்வம். ஆனாலும் உங்களுக்கு முதல் வகை என்று தெரிந்தால், ஒரு இரவில் ஏழெட்டு மணி நேரம் முகத்தை வைத்துப் படுக்கும் பொருளில் அந்தச் சோதனை வேண்டாம். லேடெக்ஸை விட்டுவிடுங்கள். தென்னை நார் மெத்தைக்கு மாறலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த நாரை ஒட்டவைப்பதும் ரப்பர் பால்தான், கவனம். நல்ல ஸ்பிரிங் மெத்தை அல்லது கெட்டியான சாதாரண ஃபோம் மெத்தை போதும். இரண்டாவது, மூன்றாவது வகை என்றால் கெட்டியான பருத்தி உறை போட்டு லேடெக்ஸில் தாராளமாகப் படுக்கலாம்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் இடுப்பு. நீங்கள் எழுதியிருப்பது நல்ல விதமான வலி. எழுந்ததும் பிடிக்கிறது, நடந்தால் விடுகிறது. காய்ச்சல், எடை குறைவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கால் மரத்துப்போவது, பாதம் தொய்வது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போய்விடுவது, இவற்றில் ஏதாவது உண்டென்றால் மெத்தைக் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியில் சொன்ன சிறுநீர்ப் பிரச்சினை என்றால் அன்றைக்கே போக வேண்டும். பர்மாவில் டிபி அதிகம், அது முதுகெலும்பிலும் வரும் என்பதை நான் எப்போதும் மனதில் வைத்தே முதுகு வலியைப் பார்க்கிறேன்.

அப்படி எதுவும் இல்லையா? அப்படியானால் ஒரு கேள்வி. ரங்கூனுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய் வேறு கட்டிலில் படுத்து எழும்போது அவருக்கு எப்படி இருக்கிறது? அங்கே வலி இல்லை என்றால் குற்றவாளி உங்கள் குழிந்த மெத்தைதான். அங்கேயும் அதே வலி என்றால் எவ்வளவு விலை கொடுத்து மெத்தை வாங்கினாலும் பாதிப் பயன்தான், வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சிதான் வேண்டும். பணம் கைமாறும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு வாரம் அடுத்த அறைக் கட்டிலில் படுத்தாலும் தெரிந்துவிடும்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். பாயில் படுத்து வலியில்லாமல் எழுகிறவர்கள் பாயை விடத் தேவையில்லை. தின்பியூ என்கிற பர்மியப் பாயின் குளிர்ச்சி சித்திரை வெயிலில் எந்த மெத்தைக்கும் வராது. ஆனால் ‘எவ்வளவு கட்டாந்தரையோ முதுகுக்கு அவ்வளவு நல்லது’ என்பது சரியல்ல. நாங்களும் படித்த காலத்தில் பலகையில் படுக்கச் சொல்லித்தான் பழகினோம். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நீண்ட நாள் இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான். பக்கவாட்டில் படுத்துப் பார்த்தால் காரணம் புரியும். தோளும் இடுப்பும் அகலம், இடை குறுகல். தரை மிகக் கெட்டியானால் தோள் அமுங்க இடமில்லாமல் முதுகெலும்பு வளைகிறது. மிக மெத்தென்றிருந்தால் இடுப்பு புதைந்து வளைகிறது. உங்கள் பழைய மெத்தையில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

லேடெக்ஸின் நல்ல குணமே இதில் இருக்கிறது. அழுத்திய இடத்தில் மட்டும் அமுங்கி, எடுத்ததும் எழும்பிக்கொள்ளும். வருடக்கணக்கில் குழி விழாது. புரண்டு படுக்க எளிது. ஆனால் ‘முதுகு வலிக்கு மருந்து’ என்பது வியாபாரப் பேச்சு. லேடெக்ஸிலும் மெத்தென்றது உண்டு, கல் மாதிரி உண்டு. இங்கிலாந்தில் டன்லப் கம்பெனி 1929 வாக்கில் கண்டுபிடித்த முறைப்படி, பாலை முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி வேகவைக்கிறார்கள். இது கொஞ்சம் கெட்டி, அடிப்பக்கம் இன்னும் கெட்டி. டலாலே என்ற முறையில் நுரையை உறையவைத்துப் பிறகு வேகவைப்பதால் ஒரே சீராகவும் மிருதுவாகவும் வரும். இரண்டில் எது உயர்வு என்று நான் சொல்ல மாட்டேன். படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடையில் கையால் அழுத்திப் பார்த்து வாங்குவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். கைக்கு முதுகு வலி கிடையாது! உங்கள் வீட்டுக்காரரைச் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படிக் கால் மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்பின் பள்ளத்துக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். கை இந்தப் பக்கம் சுலபமாகப் புகுந்து அந்தப் பக்கம் வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே முடியாவிட்டால் மிருது. உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னால் நின்று பாருங்கள், கழுத்து முதல் இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அப்புறம் விளிம்பில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் முழங்கால் அளவுக்கு இருந்தால் அறுபது வயதில் எழுவது லேசு.

‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். செயற்கை ரப்பர் கலந்ததும், சாதாரண ஃபோம் மேல் இரண்டு விரல் கனத்துக்கு லேடெக்ஸ் ஒட்டியதும் அதே பெயரில் விற்பனையாகின்றன. ஷீட் எடை போட்டு வாங்குகிற குடும்பம் நீங்கள், இதையும் எடை போடுங்கள். 190 சென்டிமீட்டர் நீளம், 150 அகலம், 15 கனம் உள்ள முழு லேடெக்ஸ் மெத்தை ஏறத்தாழ 26 முதல் 38 கிலோ வரை இருக்கும். சாதாரண ஃபோம் என்றால் 9 முதல் 17 கிலோதான். ஒரு கையால் தூக்கிக் காட்டினால் அது முழு லேடெக்ஸ் அல்ல. உறையின் ஜிப்பைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தால் எத்தனை அடுக்கு என்பதும் தெரியும். செயற்கை ரப்பர் கலந்தது உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். எது என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்தால் போதும். முழு மெத்தைக்குப் பணம் போதாது என்றால், கெட்டியான ஃபோம் மெத்தை ஒன்றின் மேல் 5 சென்டிமீட்டர் லேடெக்ஸ் விரிப்பு போட்டாலே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். அலர்ஜி சந்தேகம் தீரும்வரை அதுவும் வேண்டாம்.

வாங்கியபின் ஒரு பழக்கத்தை விட வேண்டும். இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போட்டே வளர்ந்தவர்கள் நாம். லேடெக்ஸுக்கு வெயில் எமன். எங்கள் வீட்டில் ஒரு லேடெக்ஸ் தலையணையை நல்ல எண்ணத்தோடு மாடி வெயிலில் நாலைந்து நாள் போட்டு எடுத்தோம். சில மாதத்தில் உறைக்குள் கையை விட்டால் மஞ்சள் நிறத்தில் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது. நிழலில், காற்றோட்டத்தில் மட்டும் வையுங்கள். இன்னொரு எதிரி உங்கள் ஊர் மழை. மோல்மேன் பக்கம் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மெத்தையைத் தரையிலோ முழுப் பலகை மேலோ போட்டால் உடம்பு வியர்வையும் சேர்ந்து அடியில் கறுப்புப் பூசணம் பூக்கும். அது இளைப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. சட்டம் அடித்த கட்டில்தான் நல்லது, சட்டங்களுக்கு இடையே மூன்று விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து ஃபேன் போட்டு வையுங்கள். கனமானது, நீங்கள் தனியாகத் தூக்காதீர்கள், அதுவும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரத்துக்குத் தொடவே வேண்டாம். லேடெக்ஸில் தூசிப் பூச்சி வராது என்றும் கடையில் சொல்வார்கள். பூச்சி வாழ்வது உறையிலும் விரிப்பிலும். அவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால்தான் அது சாகும்.

மெத்தை வரும்வரை அவர் மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும். காலையில் நேராக நிமிர்ந்து எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். உங்கள் ஆபரேஷன் டாக்டருக்கு ஒரு சீட்டில் ‘ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும்’ என்று எழுதி, அந்தச் சீட்டை உங்கள் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள்.