ஓட்டி நிறுத்திய குதிரைக்கு இளைப்பு அடங்கவில்லையா?

கேள்வி: ரேக்ளாவுக்குப் பழக்கும் ஆறு வயது நாட்டுக் குதிரை. 3 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அரை மணி நேரமாகியும் இளைப்பு அடங்குவதில்லை. ஓடத் தொடங்கும்போது இரண்டு மூன்று தடவை இருமுகிறது. நுரையீரல் கெட்டுவிட்டதா? தீனி வைக்கோலும் கொள்ளும்தான்.
(அந்தியூர்ப் பக்கத்து விவசாயி)

பதில்: நாலுகால் பாய்ச்சலில் நிமிடத்துக்கு 100 மூச்சுக்கு மேல் போவது இயல்புதான். நிறுத்திய பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் விடியற்காலையில், தீனிக்கு முன் கணக்கெடுங்கள். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூக்கருகே கையைக் கொண்டுபோனால் மோந்து பார்க்கும், கணக்குத் தப்பிவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு மூச்சு 8 முதல் 16, நாடி 28 முதல் 44 இருப்பது இயல்பு. நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஆள்காட்டி, நடுவிரல் நுனியால் பாருங்கள். கட்டைவிரல் வைத்தால் உங்கள் நாடியே தட்டும்.

ஓட்டிய அன்று நிறுத்தியதும், 10 நிமிடத்திலும், 30 நிமிடத்திலும் மறுபடி எண்ணுங்கள். பழகிய குதிரைக்கு 10, 15 நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே வந்துவிடும். அரை மணியில் மூச்சும் காலைக் கணக்கை நெருங்கும். நாடி இறங்கியும் மூச்சு மட்டும் இரைத்தால் ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தால் அது உடல் சூட்டைத் தணிக்க விடும் மூச்சு. நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஈரச் சாக்குப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். குளிர்ந்ததும் மூச்சு அடங்கினால் நுரையீரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சூடு இல்லாமலே இரைத்தால்தான் யோசிக்க வேண்டும். உங்கள் குதிரையில் எனக்கு உறுத்துவது அந்த இருமல். குதிரை லேசில் இருமாது; இரண்டு மூன்று தடவை என்றாலே மூச்சுக்குழலில் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் வைக்கோல் தூசியும் பூஞ்சணமும்தான், அதாவது குதிரை ஆஸ்துமா. சும்மா நிற்கும்போதும் மூக்குத் துளை விரிந்து, மூச்சை விடும்போது வயிறு இரண்டு தடவை எக்கினால் நோய் முற்றிவிட்டது.

வைக்கோலை அரை மணி நேரம் முக்கி, சொட்டச் சொட்டத் தரையில் போடுங்கள்; தலை குனிந்து தின்றால் சளி வெளியே வடியும். தவிடு வைத்தால் பிசறி வையுங்கள். லாயத்துக்கு மேலே வைக்கோல் அடுக்காதீர்கள். கூட்டும்போது குதிரையை வெளியே கட்டுங்கள். இருமல் குறையச் சில வாரம் ஆகும். நடுவில் ஒரு நாள் காய்ந்த வைக்கோல் போட்டாலும் திரும்பிவிடும்.

ஓடும்போது மட்டும் உள்மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தால் கோளாறு குரல்வளையில். மூக்கில் ரத்தம் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கெட்டிச் சளி, தாடைக்கடியில் வீக்கம் இருந்தால் தனியே கட்டுங்கள். தோலில் முடிச்சும் புண்ணும் சேர்ந்தால் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாமல் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள், சந்தைக்கு ஓட்டிப் போகாதீர்கள்.