தரவு மீட்பு: கட்டணம் கேட்கும் முன் கேட்க வேண்டியவை

பழுதான ஹார்டு டிஸ்குகளிலிருந்து தரவை மீட்பது என் தொழில். கட்டணம் பற்றியும் சேவையின் தரம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, ஒரே டிஸ்கை இரண்டு இடங்களில் காட்டினேன். ஓரிடத்தில் சொன்னதைப் போல ஆறு மடங்கு இன்னோரிடத்தில் கேட்கிறார்கள். யார் ஏமாற்றுகிறார்?

இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். கோப்பு அழிந்திருக்கும், அல்லது ஃபார்மேட் ஆகியிருக்கும் என்று முதலாமவர் எண்ணியிருப்பார். அதற்கு மென்பொருளும் சில மணி நேர உழைப்பும் போதும். டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனைதான் ஹெட். அது போய்விட்டது என்று இரண்டாமவர் கண்டிருந்தால் வேலையே வேறு. அதே மாடலில், முடிந்தவரை தயாரிப்புத் தேதியும் நெருங்கிவரும் இன்னொரு டிஸ்கை விலைக்கு வாங்க வேண்டும். அதை 'டோனர்' (donor, உறுப்பு தருவது) என்போம். அதன் ஹெட்டுகளைக் கழற்றி உங்கள் டிஸ்கில் பொருத்தியதும் டோனர் குப்பைக்குத்தான் போகும். ஓடும் டிஸ்கில் ஹெட், தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. சிகரெட் புகைத் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே தூசி வடிகட்டிய காற்றில்தான் மூடியைத் திறக்க வேண்டும். பிறகு செக்டர் செக்டராக, அதாவது தட்டின் சிறு சிறு பகுதிகளாக, நகலெடுக்க வேண்டும். பாதியில் மாற்று ஹெட்டும் செத்தால் இன்னொரு டோனர். சுழலும் மின்விசிறிக்குக் கீழே டிஸ்கைத் திறக்கிறவர்களும் உண்டு; அவர்கள் கட்டணம் மலிவாக இருப்பதில் வியப்பென்ன?

அதனால் தொகையைக் கேட்பதற்கு முன், "என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அதை எழுதித் தரத் தயங்குபவரிடம் டிஸ்கை விட்டுவிட்டு வராதீர்கள். டிஸ்கைப் பார்க்காமலே தொலைபேசியில் சொல்லும் தொகை வெறும் ஊகம்.

ஒரு டிபிக்கு (டெராபைட்டுக்கு) இவ்வளவு என்று கொள்ளளவை வைத்து விலை சொல்கிறார்களே?

நகலெடுக்கும் நேரத்துக்கு மட்டும் அது பொருந்தும். நல்ல நிலையில், வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடினால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும். செக்டர்கள் கெட்டுப்போன 500 ஜிபி டிஸ்க் வாரக்கணக்கில் இழுக்கும். பழுதைக் கேட்காமல் கொள்ளளவை மட்டும் கேட்கிறவர் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யப் போவதில்லை.

'டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை' என்கிறார்கள். நம்பலாமா?

எதை 'டேட்டா' என்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது திருமணப் படங்கள். கிடைத்ததோ விண்டோஸின் பல்லாயிரம் கோப்புகள். ஒப்பந்தப்படி அதுவும் மீட்புதான் என்று ரசீது நீட்டுவார்கள். எந்த ஃபோல்டர் கிடைத்தால் பணம் தருவீர்கள் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கோப்புப் பட்டியலைக் காட்டியதும் மகிழ்ந்து பணத்தை எடுக்காதீர்கள். பெயர் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். உள்ளே முழுக்கச் சுழியம். படிக்க முடியாமற்போன செக்டர்களைச் சுழியத்தால் நிரப்புவது வழக்கம் என்பதால் இப்படி நேரும். படங்களில் சிலவற்றை நீங்களே தேர்ந்தெடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீடியோ என்றால் நடுப்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் போய்ப் பாருங்கள்.

பரிசோதனைக் கட்டணமும் டோனர் விலையும் தனி என்பது குற்றமல்ல. முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

டிஸ்கில் 'டிக் டிக்' என்று சத்தம். ஃப்ரீசரில் வைத்தேன், மீட்பு மென்பொருளையும் இரண்டு முறை ஓட்டினேன். இப்போது கட்டணத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான், நானும் கூட்டித்தான் கேட்பேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்கின் தட்டில் ஈரம் படியும். சத்தம் போடும் டிஸ்கில் மென்பொருளை ஓட்டினால், பழுதான ஹெட் மணிக்கணக்கில் தட்டைத் தேய்க்கும். சுரண்டப்பட்ட காந்தப் பூச்சு தூளாகிவிட்டால் அந்த இடத்தில் இருந்ததை எவராலும் திருப்பித் தர முடியாது. முதல் 'டிக்'கிலேயே மின் இணைப்பை எடுத்திருக்க வேண்டும்.

சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். பழைய டிஸ்குகளில் அது பலித்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அந்தப் போர்டிலுள்ள ரோம் (ROM) என்ற நினைவகச் சிப்பில் பதிந்திருக்கின்றன. அவற்றைப் பழைய போர்டிலிருந்து எடுத்து எழுதாமல் புதிய போர்டு பயன்படாது.

எஸ்எஸ்டியில் அழித்த கோப்புகளுக்கு 100% உத்தரவாதம் தருகிறார் ஒருவர்.

அவரை விட்டு விலகுங்கள். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, சிப்புகளில்தான் தரவு இருக்கும். கோப்பை அழித்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று கணினி சொல்லும் 'டிரிம்' கட்டளை போய்விட்டால் எஸ்எஸ்டியே அந்த இடத்தைத் துடைத்துவிடும். யூஎஸ்பியில் இணைத்தவற்றுக்குச் சில வேளைகளில் அந்தக் கட்டளை போய்ச் சேராது. அங்கே மட்டும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் எங்கள் அலுவலகக் கணினியைப் பூட்டிவிட்டது. தங்களிடம் தனித் தொழில்நுட்பம் இருப்பதாக ஒரு நிறுவனம் சொல்கிறது.

அந்தத் தொழில்நுட்பம் பெரும்பாலும் திருடனுக்குப் பணம் கட்டுவதுதான். சில நிறுவனங்கள் அப்படிக் கட்டிவிட்டு, மேலே தங்கள் லாபத்தையும் வைத்து வாடிக்கையாளரிடம் வசூலித்ததை 2019இல் அமெரிக்காவின் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. பூட்டைத் திறக்கும் முறையைக் கேளுங்கள், மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் உங்கள் வகைக்குச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அது இலவசம்.

தவறுதலாக அழித்ததற்கும் உங்களைப் போன்றவர்களிடம்தான் வர வேண்டுமா?

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் வேண்டாம். உடனே அதில் எழுதுவதை நிறுத்துங்கள். வேறொரு டிஸ்குக்கு முழு நகல் எடுத்து, அந்த நகலின் மீது டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். இரண்டும் இலவசம். மீட்டதை அதே டிஸ்கில் சேமிக்காதீர்கள்.

பேரம் பேசலாமா?

தாராளமாக. அவசரக் கட்டணம்தான் பல ரசீதுகளில் பெரிய தொகை. காத்திருக்க முடியும் என்றால் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஃபோல்டர்தான் வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கோப்பு அட்டவணை படிக்கும்படி இருந்தால் அந்தப் பகுதிகளை மட்டும் முதலில் எடுக்க முடியும். ஹெட்டுக்கும் உழைப்பு குறையும், உங்களுக்கும் செலவு குறையும்.