பேனல் மூடியாச்சு, கையெழுத்து போடுங்க

வணக்கம் சார்,

விமான பராமரிப்புல டெக்னீஷியனா ஆரம்பிச்சு லைசென்ஸும் எடுத்து இப்ப ஹேங்கர்ல வேலை பாக்குறேன். குவாலிட்டி கண்ட்ரோல்ல இன்ஸ்பெக்டரா வரியான்னு கேட்டிருக்காங்க. கூட இருக்குறவங்க, அது பேப்பர் வேலை, போலீஸ் வேலை, கைத்தொழில் மறந்துபோகும், நாலு பேர் பகைதான் மிச்சம்னு சொல்றாங்க. சம்பளம் எப்படி ஏறும், என்டிடி-ல (பாகத்த உடைக்காம சோதிக்கிற முறை) எந்த கோர்ஸ் பண்ணலாம், ட்ரோனும் ஏஐயும் வந்துட்டா இந்த வேலையே இருக்குமா, நீங்கதான் சொல்லணும். எனக்கு பொறுமை நிறைய இருக்கு சார், ஆனா ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ற குணம் கம்மி. போன மாசம்கூட ஒரு நைட் ஷிஃப்ட்ல எங்க சீனியர் எலிவேட்டர் (வால்ல இருந்து விமான மூக்க ஏத்தி இறக்குற பலகை) கண்ட்ரோல் ராட் மாட்டிட்டு ரெண்டாவது கையெழுத்து கேட்டார். 20 வருஷ அனுபவம் உள்ளவர், பேனல் மூடியாச்சு, அவர நம்பி போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா இன்ஸ்பெக்டர் ஆனா இந்த குணம் சரிப்படுமான்னு யோசனையா இருக்கு. பேர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தம்பி,

கேள்வின்னு நினைச்சு நீங்க எழுதினதுக்காக நான் பதில் எழுதல. போற போக்குல "ஒண்ணும் ஆகல"ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு அடுத்த வரிக்கு போயிட்டீங்க பாருங்க, அதுக்காக எழுதறேன். கொஞ்ச நாளா சைனா ஏர்லைன்ஸ் 611 விபத்து அறிக்கைய மறுபடி எடுத்து வெச்சு படிச்சிட்டிருக்கேன், தூங்கப் போனாலும் அதுதான் ஓடுது, அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்துச்சு.

மத்ததை முதல்ல முடிச்சிடறேன். சம்பளம் உங்க ஆபீஸ்ல கேக்க வேண்டிய விஷயம். என்டிடி-ல எடி கரண்ட்ல ஆரம்பிங்க, அலுமினியம் ஸ்கின்ல, அதாவது வெளித் தகட்டுல, ரிவெட் ஓட்டைய சுத்தி வர்ற சின்ன விரிசலுக்கு அதுதான் கண்ணு, அப்புறம் சாயம் ஊத்தி பாக்குற டை பெனட்ரன்ட், ஒலிய வெச்சு பாக்குற அல்ட்ராசோனிக், லெவல் 1, 2, 3ன்னு போகும், அவசரப்படாதீங்க. ட்ரோன் ஃபியூசலாஜ் (விமானத்தோட உடம்பு) மேல படம் எடுக்கும், எடுக்கட்டும், நல்லதுதான், அந்தப் படத்த வெச்சு இந்த விமானம் போகலாம்னு எழுதி பேர் போடறதுக்கு ஒரு ஆள் வேணும். பேப்பர் வேலைன்னு சொல்றவங்க குவாலிட்டி அஷ்யூரன்ஸையும் குவாலிட்டி கண்ட்ரோலையும் போட்டு குழப்பிக்கிறாங்க. அஷ்யூரன்ஸ்ல இருக்குறவர் சிஸ்டத்த ஆடிட் பண்றார், ட்ரெய்னிங் ரெக்கார்டு சரியா இருக்கா, போல்ட் இறுக்குற டார்க் ரென்ச்சோட காலிப்ரேஷன் தேதி தாண்டிடுச்சான்னு பாப்பார். கண்ட்ரோல்ல இருக்குறவர் விமானத்த பாக்குறார். உங்கள கூப்பிட்டிருக்குறது ரெண்டாவதுக்கு, டார்ச்சும் மறைவான இடத்த பாக்குற கண்ணாடியும் எடுத்துக்கிட்டு நீங்க இப்ப போற இடத்துக்கெல்லாம் போகத்தான் போறீங்க, கை ஒண்ணும் மறந்துடாது.

சரி, இப்ப அந்த வரிக்கு வரேன்.

1980 பிப்ரவரியில ஒரு 747, பின்னாடி அந்த 611-ஆ பறந்தது அதுதான், ஹாங்காங்ல இறங்கும்போது வால் பகுதி ரன்வேல உரசிடுச்சு. அடிப்பக்கம் ஸ்கின்ல நீள நீளமா கீறல். அதே வருஷம் மே மாசம் நிரந்தர ரிப்பேர்னு ஒண்ணு செஞ்சாங்க. கீறல் விழுந்த ஸ்கின்ன வெட்டி எடுக்கணும், இல்லன்னா கீறல் மொத்தத்தையும் தாண்டி போற அளவுக்கு பலமா ஒட்டுத் தகடு போடணும். அவங்க கீறல அப்படியே விட்டுட்டு மேல ஒரு டப்ளர் தகட்ட வெச்சு ரிவெட் அடிச்சாங்க, அதுவும் தேவையான அளவுக்கு போகல. ரெக்கார்டுல மேனுவல்படி ரிப்பேர் முடிஞ்சதுன்னு இருந்துச்சு. யாரோ ஒருத்தர் அதுல பேர் போட்டிருப்பார்ல? ஒண்ணும் ஆகல. அடுத்த வருஷமும் ஒண்ணும் ஆகல. தகட்டுக்கு அடியில விரிசல் வளந்துக்கிட்டே இருந்துச்சு, வெளிய இருந்து பாத்தா தகடுதான் தெரியும். 2001 நவம்பர்ல எடுத்த படங்கள்ல அந்தத் தகட்டோட ஓரத்துல பழுப்பா கறை இருக்கு, கேபின் காத்து அந்த வழியா கசிஞ்சு பழைய சிகரெட் புகைக் கறை வெளிய வந்திருக்கு. 2002 மே 25, தைபேல இருந்து கிளம்பி உயரத்துக்கு ஏறிக்கிட்டிருக்கும்போதே விமானம் நடுவானத்துல உடைஞ்சுது. 225 பேர், ஒருத்தரும் பிழைக்கல.

22 வருஷம் ஒண்ணும் ஆகல தம்பி. நீங்க எனக்கு ஒரு மாசக் கணக்கு எழுதியிருக்கீங்க.

கோவம் வருது, மறைக்க விரும்பல. 20 வருஷ அனுபவம் உள்ளவர்னு வேற எழுதியிருக்கீங்க. 1990 ஜூன்ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி ஒன்-இலெவன், அதுல விண்ட்ஸ்க்ரீன் மாத்தினவர் புதுப் பையன் கிடையாது, அந்த ஷிஃப்ட்டோட மேனேஜரே அவர்தான். ஆள் பத்தலன்னு நைட் ஷிஃப்ட்ல அவரே இறங்கி செஞ்சார். கழட்டின பழைய போல்ட்ட கையில வெச்சுக்கிட்டு கண்ணால அளவு பாத்து புது போல்ட் எடுத்தார். 90 போல்ட்ல 84 விட்டம் சின்னது, மிச்சம் 6 நீளம் கம்மி. 17,300 அடியில கண்ணாடி பிச்சுக்கிட்டு போச்சு, கேப்டன் பாதி உடம்பு வெளிய, உள்ள இருந்தவங்க கால பிடிச்சுக்கிட்டே சவுத்தாம்ப்டன் வரைக்கும் வந்து இறங்கினாங்க, எல்லாரும் பிழைச்சாங்க. அந்த வேலைக்கு ரெண்டாவது ஆள் வந்து பாக்கணும்னு அப்போ விதி கேக்கல, அதனால யாரும் பாக்கல. உங்ககிட்ட விதி கேட்டுச்சு. ஃப்ளைட் கண்ட்ரோல்ல கை வெச்சா தனியா இன்னொருத்தர் பாக்கணும்னுதான் உங்கள அங்க கூப்பிட்டாங்க, நீங்க போய் நின்னு பேர் மட்டும் போட்டுட்டு வந்திருக்கீங்க. ரெண்டாவது ஆளே இல்லாத டாஸ்க் கார்டா (வேலைய எழுதி கையெழுத்து வாங்குற சீட்டு) இருந்திருந்தா அந்த சீனியராவது நமக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு இன்னொரு தடவை டார்ச் அடிச்சு பாத்திருப்பார். உங்க கையெழுத்து வரப்போகுதுன்ற தைரியத்துல அவர் மூடறார், அவர் செஞ்சிருப்பார்ன்ற தைரியத்துல நீங்க போடறீங்க, கடைசில நட்டு கழலாம பூட்டற அந்த ஸ்ப்ளிட் பின்ன பாத்தது யாரு?

எனக்கு இந்த வேலைய கத்துக்குடுத்த பெரியவர் ஒருத்தர் இருந்தார். அவர் டாஸ்க் கார்ட முதல்ல கையில வாங்கமாட்டார். வேலை என்னன்னு கேப்பார், மேனுவல்ல அந்தப் பக்கத்த எடுத்துப் படிப்பார், போய் பாப்பார், பாத்து முடிச்ச பிறகுதான் கார்ட வாங்குவார், செஞ்சது யாருன்னு அப்பதான் அவருக்கே தெரியும். பேர் முன்னாடியே தெரிஞ்சா கண்ணு அந்தப் பேருக்கு ஏத்த மாதிரிதான் பாக்கும்னு சொல்வார். ஒரு ராத்திரி இதே மாதிரி எலிவேட்டர் பக்கம் வேலை, காலைல விமானம் கிளம்பணும், அவர் வந்து சேர்றதுக்குள்ள பேனல மூடி ஸ்க்ரூ எல்லாம் போட்டுட்டாங்க. திறங்கன்னார். ஷிஃப்ட் இன்சார்ஜ் எகிறி குதிச்சார், செஞ்சது யார் தெரியுமா, நம்ம ஹேங்கர்லயே நம்பர் ஒன் ஆளுன்னார். இவர் குரலே உயர்த்தல, யாரா இருந்தாலும் திறங்கன்னு சொல்லிட்டு ஸ்டூல் போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டார். திறந்தாங்க. பார்ட் நம்பர படிச்சார், போல்ட் எந்தப் பக்கத்துல இருந்து போகணுமோ அந்தப் பக்கத்துல இருந்து போயிருக்கான்னு பாத்தார், ஸ்ப்ளிட் பின்னோட ரெண்டு காலும் மடிச்சிருக்கான்னு கண்ணாடி வெச்சு பாத்தும் நம்பாம விரலால தொட்டு பாத்தார், காக்பிட்ல ஒருத்தர உக்கார வெச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எலிவேட்டர முழுசா நகர்த்தச் சொல்லி ராட் எங்கயும் உரசுதான்னு டார்ச் அடிச்சுக்கிட்டே நின்னார். எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு குறை இல்ல. கையெழுத்து போட்டார், செஞ்ச பையன கூப்பிட்டு நல்லா செஞ்சிருக்கேன்னு தோள்ல தட்டினார். விமானம் லேட்டுதான். இதுக்கா இவ்ளோ நேரம்னு இன்சார்ஜ் கேட்டார், அவர் பதிலே சொல்லல. திரும்பி நடந்து வரும்போது என்கிட்ட, "வரும்போது எனக்கு தெரியாது, இப்ப தெரியும்"னார். அவ்வளவுதான்.

உங்க விமானமும் சரியாதான் இருந்திருக்கும், அவர் பாத்ததும் சரியாதான் இருந்துச்சு. வெளிய இருந்து பாத்தா ரெண்டு கார்டும் ஒரே மாதிரி, ரெண்டுலயும் ஒரு பேர், ஒரு தேதி. ஆனா அவர் தெரிஞ்சு போட்டார். நீங்க போட்டது ஒரு ஆசை, சரியா இருக்கணும்னு ஒரு ஆசை. அத வாங்கிக்கிட்டுதான் அந்த விமானத்துல குழந்தைகளோட ஆளுங்க ஏறியிருக்காங்க. திறந்து பாத்து ஒண்ணும் கிடைக்கலன்னா நேரம் வேஸ்ட்னு ஹேங்கர்ல எல்லாரும் நினைக்கிறாங்க, நீங்களும் அப்படி நினைக்கிற வரைக்கும் இன்ஸ்பெக்டர் ஸ்டாம்ப கையில வாங்காதீங்க. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுதான் அந்த வேலையோட முக்கால்வாசி.

பொறுமை இருக்குன்னு சொல்லியிருக்கீங்களே, எந்த மாதிரி பொறுமைன்னு தெரிஞ்சுக்கங்க. 1988 ஏப்ரல்ல அலோஹா 243, பறந்துக்கிட்டிருக்கும்போது 737-ஓட மேல்கூரை பிச்சுக்கிட்டு போச்சு, ஒரு விமானப் பணிப்பெண் போயிட்டாங்க. அந்த விமானம் 89,680 தடவை ஏறி இறங்கினது. விசாரணை அறிக்கையில இன்ஸ்பெக்டர் வேலை எப்படின்னு எழுதியிருக்காங்க, ஃபியூசலாஜ் மேல ஏறி, கீழ விழாம இருக்க சில சமயம் ஹேங்கர் உத்தரத்துல கயிறு கட்டிக்கிட்டு, லைட்டையும் சோதிக்கிற ப்ரோபையும் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ரிவெட்டா பாக்கணும். ஆயிரம் ரிவெட் சரியா இருந்த பிறகு அடுத்ததும் சரியாதான் இருக்கும்னு மூளை முடிவு பண்ணிடும், கண்ணு திறந்திருக்கும் ஆனா பாக்காது. அன்னிக்கு ஏறும்போது ஒரு பயணி கதவு பக்கம் விரிசல் மாதிரி ஒண்ண பாத்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல. பழகின கண்ணு விட்டத புதுக் கண்ணு பாத்துடுச்சு.

இப்ப உங்க குணத்துக்கு வரேன். இதுல உங்கமேல எனக்கு கோவம் இல்ல தம்பி. பெரியவங்க கேட்டா முடியாதுன்னு சொல்ல வாய் வராதவங்க பெரும்பாலும் நல்லவங்க. ஆனா கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 பத்தி நீங்க படிக்கணும். 1991 செப்டம்பர், ஒரு எம்ப்ரேயர் 120 விமானம், வால் பக்கத்துல படுக்கையா இருக்குற ஹரிசான்டல் ஸ்டெபிலைசரோட முன் விளிம்புல ரெண்டு பக்கமும் டீ-ஐஸ் பூட், அதாவது ஐஸ உடைச்சு விடற ரப்பர் உறை, மாத்தற வேலை. மெக்கானிக்குகளுக்கு உதவியா இருக்கட்டும்னு ஒரு இன்ஸ்பெக்டரே மேல ஏறி இடது பக்கத்து மேல் ஸ்க்ரூக்கள கழட்டிக் குடுத்தார். ஷிஃப்ட் மாறிச்சு. அடுத்த ஷிஃப்ட்டுக்கு குறிச்சு வைக்கிற டர்ன்ஓவர் ஷீட்டுல அவர் எழுதத்தான் செஞ்சார், ஆனா அடுத்த ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்து அவர் எழுதறதுக்கு முன்னாடியே அத பாத்துட்டு போயிட்டார். ராத்திரி வந்தவங்க வலது பக்கத்த மட்டும் முடிச்சாங்க, இடது பக்கத்துல 47 ஸ்க்ரூ இல்லாமலே காலைல விமானம் போச்சு. 14 பேர் செத்தாங்க. உதவணும்ன்ற மனசுல ஒரு தப்பும் இல்ல, ஆனா ஸ்க்ரூ டிரைவர கையில எடுத்த அந்த நிமிஷத்துல அவர் வேலை செய்யறவர் ஆயிட்டார், வெளிய நின்னு பாக்குறவரா அவர் இல்லாம போயிட்டார். நீங்க சீனியருக்கு செஞ்சதும் உதவிதான். எனக்கு பயம் அதுலதான்.

முடியாதுன்னு சொல்ல தைரியம் தனியா தேவையில்ல, விதியே உங்களுக்காக சொல்லி வெச்சிருக்கு. அமெரிக்காவுல விமானத் துறைய கட்டுப்படுத்தற எஃப்ஏஏ-வோட விதிப்படி, கட்டாயம் இன்ஸ்பெக்ஷன் செய்ய வேண்டிய வேலைய செஞ்சவரே இன்ஸ்பெக்ட் பண்ணக் கூடாது, இன்ஸ்பெக்டர் எடுத்த முடிவ மாத்தணும்னா இன்ஸ்பெக்ஷன் பிரிவோட மேலதிகாரியோ, இல்ல ரெண்டு பிரிவுக்கும் மேல மொத்தப் பொறுப்புல இருக்குறவரோதான் மாத்த முடியும். ஷிஃப்ட் இன்சார்ஜால முடியாது, 20 வருஷ சீனியரால முடியாது. உங்க கம்பெனி மேனுவல்லயும் இதுக்கு ஒரு பக்கம் இருக்கும், எடுத்துப் படிங்க, அடுத்த தடவை அந்தப் பக்கத்த காட்டி பேசுங்க. "அண்ணே, உங்க வேலைய நான் சந்தேகப்படல, பாக்காம போட எனக்கு உரிமை இல்ல"ன்னு மரியாதையாவே சொல்லலாம். நல்ல மெக்கானிக்கா இருந்தா கோவிச்சுக்க மாட்டார், நாலு தடவைக்கு அப்புறம் உங்கள கூப்பிடாம பேனலயே மூடமாட்டார்.

இன்னொண்ணு. அந்த எலிவேட்டர் ராட் இப்பவும் அதே விமானத்துலதான் இருக்கு, ரெண்டாவது ஆள் இன்னும் அத பாக்கல. எந்த விமானம்னு உங்களுக்கு நல்லா தெரியும். இத படிச்சு முடிச்சதும் உங்க குவாலிட்டி மேனேஜருக்கு போன் பண்ணி ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரையும் கார்டு நம்பரையும் குடுங்க, பாக்காம போட்டேன், திறந்து இன்னொரு தடவை இன்ஸ்பெக்ஷன் வேணும்னு சொல்லுங்க, எழுத்துலயும் குடுங்க. திட்டு விழும், மெமோகூட வரலாம், லைசென்ஸ் பத்தி விசாரிக்கலாம், வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். அந்த சீனியர் கொஞ்ச நாள் பேசாம இருப்பார். இருந்தாலும் போன் பண்ணுங்க. திறந்து பாத்தாங்களா, என்ன இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க தம்பி. இன்ஸ்பெக்டர் வேலைக்கு போகலாமா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பேசிக்கலாம்.