வீட்டு சோடா டேப்பில் நுரை பொங்குகிறதா? கேள்வி பதில்

ஸ்டீல் கேனில் உள்ள தண்ணீரில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஏற்றிச் சோடாவாக்கி, கேனை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, டேப்பில் பிடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே நுரையைப் பற்றித்தான்.

தேவகோட்டை: அண்ணே, நுரை தாங்கவில்லை என்று, வாயு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து 8-க்கு இறக்கினேன். முதலில் நன்றாக வந்தது. இப்போது நுரையும் போகவில்லை, சோடாவும் சப்பென்று இருக்கிறது.

நுரை வந்தால் எல்லோர் கையும் முதலில் ரெகுலேட்டருக்குத்தான் போகிறது, தம்பி. கோளாறு வளர்வதும் அங்கேதான். கரைந்த வாயுவைத் தண்ணீருக்குள் பிடித்து வைப்பவை குளிரும் அழுத்தமும். அழுத்தத்தை இறக்கியதும் அது குழாயிலேயே குமிழாகப் பிரிந்து, டேப்புக்கு நுரையாக வந்து சேர்கிறது. கேனில் இருப்பதும் நாளடைவில் காரம் இழக்கிறது. மறுபடி 30-இல் வையுங்கள். சீறலைக் குறைக்க வேண்டிய இடம் குழாய். உள்விட்டம் 3/16 அங்குலம், நீளம் 20 அடிக்குக் குறையாமல் வாங்கி, சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். ஒல்லிக் குழாயில் உரசி வரும்போது அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டடிக் குழாய் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

காரைக்குடி: மதியம் முதல் டம்ளர் முழுக்க நுரை. அடுத்த டம்ளர் சரியாக வருகிறது. ஏன்?

உங்கள் டேப் வெளியே இருக்கிறது, அதுதான் காரணம். சித்திரை வெயிலில் சூடேறிய டேப்பில் குளிர்ந்த சோடா பட்டதும் வாயு பிரிந்துவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் அது 0.7 லிட்டரைக்கூட எட்டாது. பிடிப்பதற்கு முன் ஈரத்துணியில் ஐஸ் சுற்றி டேப்பில் வையுங்கள். டேப்பை முழுதாகத் திறங்கள். பாதி திறந்தால் கட்டாயம் நுரைக்கும்.

கானாடுகாத்தான்: ஆச்சிக்கு நன்னாரி சர்பத் போட்டால் பொங்கி வழிகிறது. உப்பு எலுமிச்சை சோடாவும் அப்படித்தான்.

இதில் டேப்பின் மேல் குற்றமில்லை. உப்புக் கல்லும் சப்ஜா விதையும் குமிழ் கிளம்ப இடம் கொடுக்கின்றன. உப்பை எலுமிச்சைச் சாற்றில் முழுக்கக் கரைத்துவிடுங்கள். சர்பத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, டம்ளரைச் சாய்த்து ஓரமாக சோடாவை இறக்குங்கள். சப்ஜா கடைசியில், ஒரு கரண்டி போதும். சர்பத்தைக் கேனுக்குள் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாயெல்லாம் பிசுபிசுத்துப் புளித்துப்போகும்.

சிங்கப்பூர் (சொந்த ஊர் பள்ளத்தூர்): இங்கே வீட்டில் பீர் டேப் வைத்திருக்கிறேன். அதற்கும் 30 பிஎஸ்ஐதானா?

வேண்டாம். பீரில் வாயு குறைவு. 3 டிகிரிக் குளிரில் 10 முதல் 12 பிஎஸ்ஐ, இதே அளவுக் குழாய் 8 முதல் 10 அடி. கேன் வண்டியில் குலுங்கி வந்திருந்தால் ஒருநாள் அசையாமல் இருக்கட்டும், அப்புறம் டேப்பை மாட்டுங்கள். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். உள்ளே படியும் அழுக்கும் நுரையைக் கிளப்பும்.

புதுவயல்: சிலிண்டரை வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள சாமான் அறையில் வைக்கலாமா? ஜன்னல் கிடையாது.

கூடவே கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், மூச்சை அடைக்கும், வாசனையும் இருக்காது. காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கட்டிவையுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு வாஷரை மாற்றுங்கள்.