ஊர்விட்டு ஊர் போய் ஓடுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: மலை நகரம் ஒன்றில் ஹாஃப் மாரத்தானுக்கு 1,400 ரூபாய் கட்டினேன். மூன்று நாள் முன்னால் 'தவிர்க்க முடியாத காரணத்தால் ஒத்திவைப்பு' என்று மெயில் வந்தது. பணம் கேட்டால் அடுத்த தேதிக்கு மாற்றித் தருகிறார்களாம். அந்தத் தேதியில் எனக்கு முடியாது. ரயில், விடுதி என்று 6,000 ரூபாய் போய்விட்டது. (விருதுநகர் வாசகர்)

பதில்: அந்தக் காரணம் எது என்று முதலில் மெயிலில் கேளுங்கள். கனமழை, நிலச்சரிவு என்றால் அது வேறு. போலீஸ் அனுமதி கைக்கு வராமலேயே கட்டணம் வசூலித்திருந்தால் அது முழுக்க அவர்கள் தலையில். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். இரண்டே கேள்வி போதும்: அனுமதி கேட்டு எந்தத் தேதியில் மனு வந்தது, அதன் மீது என்ன உத்தரவு போடப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். ஓட்டத்துக்கு நாலு நாள் முன்னால்தான் மனுவே போயிருக்கிறது என்றால், உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காமல் மற்றதையும் செய்யுங்கள். போட்டியின் இணையப் பக்கத்தைத் தேதி தெரிய இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் இப்படியே இருக்காது. கார்டில் கட்டியிருந்தால் 'சேவை கிடைக்கவில்லை' என்று வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. 'பேசிக்கொண்டிருக்கிறோம் சார்' என்று நாளைக் கடத்துவதே சிலருக்குத் தொழில். 15 நாள் கெடு வைத்து ஒரு மெயில், பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன், அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போட்டி நடக்கவிருந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

'எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பத் தரப்படாது' என்ற வரியைக் காட்டி மிரட்டுவார்கள். நீங்கள் போகாமல் இருந்தால் அந்த வரிக்கு அர்த்தம் உண்டு. அவர்களே நடத்தாததற்கும் அதையே நீட்டினால் ஆணையம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காது. ரயில், விடுதிச் செலவையும் ரசீதோடு கேளுங்கள், ஆனால் அது கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 1,400 வருவதைவிட அந்த 6,000 வருவதுதான் கஷ்டம். அதனால் முதல் வருடம் நடக்கும் போட்டிக்குப் போகிறவர்கள் கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரைப் பார்த்து ஒரு ஜிபே எண்ணுக்கு நாலு பேருக்கும் சேர்த்து 3,200 அனுப்பினேன். பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கப் போனால் அந்த இடத்தில் கல்யாண வரவேற்பு நடக்கிறது. (சேலம்)

பதில்: அமைப்பாளர் பெயர் இல்லை, ரசீது இல்லை, முகவரி இல்லை. பத்து ரூபாய் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற ஊரில் 3,200 ரூபாயை இப்படியா அனுப்புவது? சரி, திட்டியது போதும். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இப்போதே போன் செய்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். பணம் அந்தக் கணக்கில் நிற்கும்வரைதான் முடக்க முடியும். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். போஸ்டரை அனுப்பியவரின் எண்ணை அழித்துவிடாதீர்கள், புகாருக்கு வேண்டும்.

கேள்வி: ஹாஃப் மாரத்தானில் என் வாட்ச் 21.42 கிலோமீட்டர் காட்டியது. 300 மீட்டர் அதிகம் ஓடவைத்து என் நேரத்தைக் கெடுத்துவிட்டார்கள். புகார் கொடுக்கலாமா? (பெங்களூரு)

பதில்: வேண்டாம். ஹாஃப் என்பது 21.0975 கிலோமீட்டர். முறையாக அளப்பவர்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறு எண்ணியை மாட்டி, வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நீங்கள் கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாக ஓடினீர்கள். மேம்பாலத்துக்கு அடியிலும் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் வேறு தாவும். 21.3, 21.4 சகஜம்.

பலருடைய வாட்சும் 20.6, 20.7 என்று குறைவாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பெரிய போட்டிகளும் இதில் தப்பவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் 2015 வரை மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவு என்று 2016-ல் தெரிந்தது. தகுதி நேரம் கேட்கும் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் போன்ற போட்டிக்குப் போக வேண்டுமென்றால், பணம் கட்டும் முன்பே 'பாதைக்கு அளவுச் சான்று இருக்கிறதா?' என்று கேளுங்கள். சான்று இல்லாத பாதையில் நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாஸ்டனில் எடுபடாது.

கேள்வி: ஹாஃப் மாரத்தானில் திரும்ப வேண்டிய இடத்தில் ஆளே இல்லை. நேராக ஓடி 24 கிலோமீட்டர் முடித்தேன். 'பாதையைத் தெரிந்துகொள்வது ஓட்டக்காரர் பொறுப்பு' என்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஆனால் திருப்பத்தில் ஆளும் அம்புக்குறியும் வைப்பது அவர்கள் விற்ற சேவையின் பகுதி. 2015 நவம்பரில் பாங்காக்கில் ஹாஃப் ஓடியவர்களைத் தவறான இடத்தில் திருப்பிவிட்டு 27 கிலோமீட்டருக்கு மேல் ஓடவைத்தார்கள். அமைப்பாளர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் வாட்ச் பதிவை, ஓடிய பாதையைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி வையுங்கள். அதே இடத்தில் தவறிய நாலைந்து பேரின் பதிவும் சேர்ந்தால் ஒரே மெயிலாக அனுப்பலாம். தனி ஆள் தவறினால் கவனக்குறைவு என்பார்கள், ஐந்து பேர் தவறினால் அப்படிச் சொல்ல முடியாது. கட்டணத்தையோ அடுத்த வருட இலவசப் பதிவையோ கேளுங்கள். இனிமேல் ஓடும் முன் மேப்பைப் பார்த்து, எத்தனை யூ-டர்ன், எந்தக் கிலோமீட்டரில் என்று பிப்பின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் குறிக்கும் சிப் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் மடக்கவோ கிழிக்கவோ வேண்டாம்.

கேள்வி: டி-ஷர்ட் எம் கேட்டேன், எக்ஸ்எல் கொடுத்தார்கள். (தஞ்சாவூர்)

பதில்: தம்பிக்குக் கொடுங்கள்.

கேள்வி: கடலோர நகரம் ஒன்றில் 21 கிலோமீட்டர். 14-வது கிலோமீட்டரில் காலி கேன், 17-லும் காலி கேன். என் முன்னால் ஒருவர் மயங்கி விழுந்தார். முடித்ததும் உள்ளங்கை அகல மெடலை மாட்டிவிட்டார்கள். (ஈரோடு)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பது விபத்தல்ல, கணக்குப் போடாததன் பலன். 800 பேர் 21 கிலோமீட்டர் ஓடுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு மேசையில் 200 மில்லி எடுக்கிறார்கள் என்றால் 160 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. தலையில் ஊற்றிக்கொள்வது, சிந்துவது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. ஒரு கேன் 40 ரூபாய் என்றே வைத்தாலும் மேசைக்கு 480 ரூபாய்தான். மெடலின் கனத்தைக் கொஞ்சம் குறைத்தாலே இந்தக் காசு வந்துவிடும்.

பிறகு ஏன் தீர்கிறது? நீங்கள் 5 மணிக்குக் கிளம்பி 14-வது கிலோமீட்டருக்கு 6.45-க்கு வருகிறீர்கள். அதற்குள் 6 மணிக்குக் கிளம்பிய 10 கிலோமீட்டர் கூட்டம் அதே மேசையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். கேனை எண்ணியவர் 21 ஓடுகிறவர்களை மட்டுமே எண்ணியிருப்பார். பாட்டில் கொடுக்கும் இடத்தில் இன்னும் மோசம். 250 மில்லியில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வீசுகிறார்கள், மூடி காலில் மாட்டுகிறது. பாதி நிரப்பிய காகிதக் கப்தான் சரி.

உலக தடகள அமைப்பின் விதி சுமார் 5 கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீர் என்கிறது. நம் கடலோரப் புழுக்கத்துக்கு அது போதாது, இரண்டு இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். ஓஆர்எஸ் கலப்பதிலும் கோளாறு: 20 லிட்டர் கேனுக்கு லிட்டர் பாக்கெட் என்றால் 20, 200 மில்லி பாக்கெட் என்றால் 100. கண்ணளவில் கொட்டிக் கெட்டியாகக் கலந்தால் குமட்டும். வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வியை மெயிலில் அனுப்புங்கள். தண்ணீர் எந்தெந்தக் கிலோமீட்டரில்? 10 கிலோமீட்டர் ஓட்டமும் அதே பாதையா? ஆம்புலன்ஸ் எத்தனை, ஐஸ் இருக்கிறதா? (ஹீட் ஸ்ட்ரோக் என்னும் வெப்பத் தாக்கில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கும் முன் உடலைக் குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும்.) பதில் வராவிட்டால் அந்தப் போட்டி வேண்டாம். உங்கள் விஷயத்தில் காலி கேன் படம் இருந்தால் அமைப்பாளருக்கு அனுப்புங்கள், விளம்பரத்தில் 'முழு நீர் வசதி' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கட்டும் தண்ணீர் பெல்ட் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஓடும்போது குதிக்காத பெல்ட் ஒன்றை நான் இன்னும் வாங்கவில்லை, குதிக்கிற பெல்ட்கள் பீரோவில் இருக்கின்றன. கையில் பிடிக்கும் 300 மில்லி மெத்துக் குடுவை (சாஃப்ட் ஃப்ளாஸ்க்) போதும்.

கேள்வி: மலைப்பாதை ஓட்டத்துக்குக் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயமாம். வெயில் காலத்தில் எதற்கு 1,500 ரூபாய் செலவு? (கோவை)

பதில்: சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வந்து 21 பேர் குளிரில் இறந்தார்கள். அங்கே அந்த ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கவில்லை. வாங்குங்கள்.

கேள்வி: நண்பனுக்குக் காய்ச்சல். அவன் பிப்பை மாட்டிக்கொண்டு நான் ஓடலாமா? அவன் 2,000 கட்டியிருக்கிறான். (சென்னை)

பதில்: கூடாது. நீங்கள் விழுந்தால் பிப் எண்ணை வைத்து அவன் ரத்த வகையைப் பார்ப்பார்கள், அவன் வீட்டுக்குப் போன் செய்வார்கள்.

கேள்வி: இத்தாலியில் மாரத்தானுக்குப் பதிவு செய்து போய்விட்டேன். மருத்துவச் சான்று இல்லை என்று பிப் தர மறுத்தார்கள். பணமும் இல்லை என்கிறார்கள். (துபாயில் இருக்கும் வாசகர்)

பதில்: கிடைக்காது. போட்டியாக ஓடுகிறவர்களிடம் அங்கே சான்று கேட்பது வழக்கம், பதிவுப் பக்கத்திலும் போட்டிருப்பார்கள். பயணக் காப்பீட்டை நம்பியும் இருக்காதீர்கள். பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் 'போட்டி', 'பந்தயம்' என்ற சொற்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பணம் கட்டும் முன் படியுங்கள்.

கேள்வி: பேகேஜ் கவுண்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தேன். திரும்பி வந்தால் பை இல்லை, உள்ளே போன் இருந்தது. 'சொந்தப் பொறுப்பில் வைக்கவும்' என்று போர்டு காட்டுகிறார்கள். (திருநெல்வேலி)

பதில்: போர்டு மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவுப்படி, பொருளை ஒப்படைக்கப் பெற்றவர் தன் சொந்தப் பொருளைச் சாதாரண ஆள் காப்பது போலவாவது காக்க வேண்டும். டோக்கன்தான் உங்கள் சாட்சி, அவர்கள் கேட்டால் படம் எடுக்காமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்குங்கள். அமைப்பாளருக்கு எழுதும் மெயிலில் அந்தப் புகார் எண் முதல் வரியில் இருக்கட்டும்.

கேள்வி: மெடல் தீர்ந்துவிட்டதாம். கூரியரில் அனுப்ப 150 ரூபாய் கேட்கிறார்கள். (காரைக்குடி)

பதில்: கட்டாதீர்கள். மெடலுக்கும் சேர்த்துத்தான் முதலிலேயே வாங்கினார்கள். பிப் எண்ணையும் முடித்த நேரத்தையும் போட்டு, 'கூரியர் செலவு உங்களுடையது' என்று அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.