கொக்கி எங்கே மாட்டினீர்கள்?

உயரத்தில் வேலை செய்யும்போது விழாமல் காத்துக்கொள்வது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கூரை வேலையும் பெயின்ட் வேலையும் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொன்னதையே மற்ற மூவரும் எடுத்துக்கொள்ளவும்.

லாஸ்பேட்டையில் அடுக்குமாடிக்கு வெளிச்சுவர் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார்) இருக்கிறது. அதைப் பிடிமானத்தோடு இணைக்கும் கொக்கி வைத்த லான்யார்டுக்குப் பதிலாகப் படகுக்கு வாங்கும் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாமா? நல்ல கெட்டிக் கயிறு.

கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் கணிசமாகப் போய்விடும், சில முடிச்சில் பாதியே போகும். அறுந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறீர்கள். அறாமல் நின்றாலும் ஆபத்துதான். இரண்டு மீட்டர் விழுவதற்குள் ஆள் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்துவிடுவார். அந்த வேகத்தை வெறும் கயிறு ஒரே வெட்டில் நிறுத்தினால் முதுகெலும்பு தாங்காது. லான்யார்டோடு வரும் ஷாக் அப்சார்பர் பட்டை கிழிந்து நீள்வதே அந்த வெட்டை வாங்கிக்கொள்ளத்தான். படகுக் கயிறு படகுக்கே இருக்கட்டும்.

ஹார்னஸ் வாங்கி ஆறு வருடம் ஆகிறது, புதிது போலவே இருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா? (கடலூர் முதுநகர்)

லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், கூட வந்த தாளில் ஆயுள் போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதுதான் கணக்கு. லேபிளே படிக்க முடியாமல் அழிந்திருந்தால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

ஆனால் முதுநகர்க்காரருக்குத் தேதியைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. டி-ரிங் (ஹார்னஸில் கொக்கி சேரும் வளையம்), பக்கிள், கொக்கியின் ஸ்பிரிங் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொக்கி வாய் விரலை எடுத்ததும் 'டக்'கென்று மூட வேண்டும். நிதானமாக மூடுகிற கொக்கி செத்த கொக்கி. வார்ப்பட்டையைக் கைக்குக் கை வளைத்துப் பிடித்து வெளிப்பக்கம் பாருங்கள். சின்ன வெட்டும் பிரிந்த தையலும் அப்போதுதான் வாய் திறக்கும். பெயின்ட், தின்னர் பட்ட இடம் விறைத்திருந்தால் அதுவும் கழிவுதான். துவைப்பது சோப்புத் தண்ணீரில், காய்வது நிழலில். மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் போடுகிறவர்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அடுத்த முறையும் சொல்வேன். ஒரு தடவை ஆளைப் பிடித்து நிறுத்திய ஹார்னஸும் லான்யார்டும் மறுபடி உபயோகத்துக்கு வரக்கூடாது. வெட்டிப் போடுங்கள், சும்மா போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

சேதராப்பட்டு குடோனில் 4 மீட்டர் உயர மெஸனைன் (இடைத்தளம்) விளிம்பில் வேலை. 2 மீட்டர் லான்யார்டு, ஷாக் அப்சார்பரோடு. போதுமல்லவா?

கணக்குப் போடுங்கள். கால்மட்டத்தில் கொக்கி மாட்டியிருக்கிறார் என்று வைப்போம். லான்யார்டு 2 மீட்டர். அப்சார்பர் முழுக்கக் கிழிந்தால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால். முதுகு ரிங்கிலிருந்து பாதம் வரை ஒன்றரை. பாதுகாப்புக்குக் கூட ஒரு மீட்டர். மொத்தம் ஆறே கால். உங்களிடம் இருப்பது நாலு. அப்சார்பர் வேலையை முடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார், ஹார்னஸோடு.

தலைக்கு மேல் பீமில் மாட்டினால் இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும். சீட் பெல்ட் மாதிரி இழுத்தால் பூட்டிக்கொள்ளும் சுருள் பிளாக்கை மேலே மாட்டினால் இன்னும் நல்லது. ஆனால் குடோனில் தினமும் நடக்கிற வேலைக்கு ஹார்னஸே எதற்கு? இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பைப், நடுவில் ஒரு பைப், கீழே கால் பலகை என்று வெல்டிங் வைத்துவிட்டால் முடிந்தது. விளிம்பில் தடுப்பு இருந்தால் விழுவதே இல்லை, அப்புறம் பிடிப்பது எதற்கு?

என் எடை 115 கிலோ. எந்த ஹார்னஸ் போடலாம்?

லேபிளில் 100 கிலோ என்று போட்டிருந்தால் அது உங்களுக்கு இல்லை. 136, 140 கிலோ வரைக்கும் கிடைக்கிறது. ஸ்பேனர், டிரில் மிஷின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். லான்யார்டின் வரம்பு தனி, அதையும் படியுங்கள்.

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ஆலையில் சேஃப்டி ஆபீசர் நான். எல்லோருக்கும் டபுள் லான்யார்டு (இரட்டைக் கொக்கி) ஹார்னஸ் வாங்கிக் கொடுத்தாயிற்று, பயிற்சியும் கொடுத்தாயிற்று. மேலே போனதும் எவனும் கொக்கி மாட்டுவதில்லை. இந்த அலட்சியத்தை எப்படி மாற்றுவது?

'எவனும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. நான் ஒன்று கேட்கிறேன்: எதில் மாட்டச் சொன்னீர்கள்?

மூன்று பக்கக் கடிதத்தில் ஹார்னஸின் பிராண்டு இருக்கிறது, விலை இருக்கிறது, பயிற்சி நடந்த மணிநேரம் இருக்கிறது. கொக்கி மாட்டும் இடம் பற்றி ஒரு வரி இல்லை. இருபது வருடமாக இதே கடிதம்தான் எனக்கு வருகிறது, ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஒரு ஆலையில் பைப் ராக் (உயரத்தில் பைப்புகளைத் தாங்கும் சட்டம்) ஆய்வு. கீழே பர்மிட்டில் 'ஹார்னஸ் கட்டாயம்' என்று சிவப்பு மையில் எழுதி மூன்று கையெழுத்து. மேலே ஏறினால் என் கைக்கு எட்டியது இரண்டே பொருள்: மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் ட்ரே ஒன்று, தண்ணீர் போகும் ஜிஐ பைப் ஒன்று. பைப்பின் கிளாம்ப்பை விரலால் அழுத்தினேன், துரு பொரியாக உதிர்ந்தது. கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி நின்றேன். அந்த நேரம் கீழேயிருந்து யாராவது போட்டோ எடுத்திருந்தால் நானும் அலட்சியப் பேர்வழிதான்.

கொக்கி மாட்டும் புள்ளிக்கு அமெரிக்க விதி கேட்பது ஒரு ஆளுக்குச் சுமார் இரண்டே கால் டன் பலம். பழைய அம்பாசிடர் கார் இரண்டை அதில் தொங்கவிடலாமா என்று யோசியுங்கள். கேபிள் ட்ரேயில்? மின்கம்பி போகும் கன்ட்யூட் குழாயில்? ஏணிப் படியில்? கைப்பிடிக் கம்பியில்? நம் ஊர் சவுக்குச் சாரத்தில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சாரம் சரிந்தால் ஆளையும் கூட்டிக்கொண்டு போகும். சாரத்தில் நிற்பவர் கட்டடத்தில் மாட்ட வேண்டும்.

ஆகவே பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு நாள் நீங்களே ஹார்னஸ் போட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள். தரையிலிருந்து வேலை செய்யும் இடம் வரை ஒரு கொக்கியாவது எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் முடியவில்லையோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு குறி. இறங்கி வந்ததும் அந்தக் குறிகளை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கொடுங்கள். கொக்கியை மாட்டி நகர்த்திப் போக லைஃப்லைன் கம்பி எங்கே, நிலையான கண்ணி எங்கே என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். ஆள் நேர் கீழே விழும்படி தலைக்கு மேல் இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளி மாட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய்த் தூணில் மோதுவார்.

உயரத்தில் வேலை செய்கிறவருக்குத் தடுப்போ வேறு ஏற்பாடோ செய்து தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே 32-ம் பிரிவில் எழுதிவைத்தது. மாட்ட இடம் கொடுத்த பிறகும் மாட்டாதவர் இருந்தால் எழுதுங்கள், அப்போது அலட்சியம் பற்றிப் பேசுவோம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இரண்டு ஷீட் மாற்ற வேண்டும். ஆள் ஒல்லிதான். பெல்ட் தேவையா? (நெல்லிக்குப்பம்)

ஒல்லியோ குண்டோ, ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் உடையும். வெயிலிலும் மழையிலும் நாள்பட்ட ஷீட் சொல்லிக்கொண்டு உடையாது. 2011 டிசம்பரில் தானே புயல் நம் பக்கம் கரையேறிப் போன பிறகு எத்தனை கூரை மாற்றினோம்! அந்த ஷீட்டுகளுக்கே இப்போது வயதாகிவிட்டது. ஷீட்டைத் தாங்கும் பர்லின் (குறுக்குச் சட்டம்) குறைந்தது இரண்டின் மேல் உட்காரும்படி பலகை போட்டு, பலகை மேல் மட்டும் நடக்க வேண்டும். ஹார்னஸ் கட்டாயம், கொக்கி கூரையைத் தாங்கும் ட்ரஸ்ஸில். ஷீட்டைக் கட்டியிருக்கும் ஜே-போல்ட்டில் மாட்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட்டுக்கு மேல் யாரும் கால் வைக்கவே கூடாது. பழைய ஷீட்டை உடைத்துக் கீழே தள்ளாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கீழேயிருந்தே மாற்ற வழி இருந்தால் ஏறவே வேண்டாம்.

பாகூரில் அப்பா பனை ஏறுகிறார். இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

மரத்தைச் சுற்றிப் போடும் இடுப்பு பெல்ட், நின்று வேலை செய்யப் பிடித்துக்கொள்ளும். விழுந்தால் காப்பாற்றாது. உடம்பு இரண்டாக மடியும், அல்லது உருவிக்கொண்டு போய்விடும். முழு உடல் ஹார்னஸில் பக்க ரிங்குகள் உள்ளதை வாங்குங்கள். ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா சிரிப்பார், வாங்குங்கள்.

ஹார்னஸில் தொங்கியவரை இறக்கத் தீயணைப்பு வண்டிக்குச் சொன்னால் வந்துவிடுவார்கள்தானே?

வருவார்கள். அதுவரை தொங்குகிறவர் என்ன செய்வார்? அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடத்திலேயே மயக்கம் வரலாம். ஏறுவதற்கு முன்பே யார், எந்த ஏணியில், எந்தக் கயிற்றில் இறக்குவது என்று முடிவாகியிருக்க வேண்டும். ஹார்னஸில் கால் வைத்து நிற்கும் வார் வைத்துக்கொள்வதும் உதவும். இறக்கியதும் படுக்க வைக்கக்கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு பழைய பேச்சு இன்னும் ஓடுகிறது. 2009-ல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. வழக்கமான முதலுதவிதான். படுக்க வையுங்கள், மூச்சைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

(போட்டோ மட்டும். கீழே: 'இது ஓகேவா சார்?')

ஹெல்மெட் வார் தாடையில் இல்லை, தொடை வார் தொளதொளவென்று தொங்குகிறது. உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக்கூடாது. மற்றபடி போட்டோ நெஞ்சோடு முடிந்துவிட்டது. முழுதாக எடுத்து அனுப்புங்கள், கொக்கியும் அது மாட்டியிருக்கும் இடமும் தெரிகிற மாதிரி.